குடும்பத்தோடு குடியேற நெல்லையா, தூத்துக்குடியா? இரண்டு ஊரிலும் வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்

தெற்கு நோக்கி

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூரில் பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் எங்கள் குடும்பம், வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் தெற்கே குடிபெயர வேண்டியிருக்கிறது. துறைமுகத்தைச் சார்ந்த ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் பணிபுரிகிறேன். தூத்துக்குடி அலுவலகத்துக்கு மாற்றல் வந்துள்ளது. கணவர் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர் என்பதால், இணைய இணைப்பு தடைபடாத எந்த ஊரும் அவருக்குச் சரிதான். மகள் எட்டாம் வகுப்பும் மகன் நான்காம் வகுப்பும் படிக்கிறார்கள். மாமனாருக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது. நாள்பட்ட மூச்சுத்திணறல் உண்டு, மாதம் ஒருமுறை நுரையீரல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

உறவினர்களில் ஒரு சாரார், அலுவலகம் இருக்கும் ஊரிலேயே வீடு பார்க்கச் சொல்கிறார்கள். மற்றொரு சாரார், நெல்லையின் ஒரு பகுதியான பாளையங்கோட்டையில் வீடு எடுத்துக்கொண்டு தினமும் தூத்துக்குடிக்குப் போய்வரச் சொல்கிறார்கள். ஐம்பது கிலோமீட்டர்தான், நான்குவழிச் சாலை இருக்கிறது என்பது அவர்களுடைய வாதம். எனக்கு இரண்டு ஊரிலும் நெருங்கிய பழக்கம் இல்லை. குடிநீர், மருத்துவம், பள்ளி, காற்று, வெயில், மழைக்காலம் ஆகியவற்றை நேரில் அறிந்தவர்கள், ஊர்ப் பாசத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பாளைவாசி

சகோதரி, வயதானவரும் படிக்கும் பிள்ளைகளும் இருக்கும் குடும்பத்துக்குப் பாளையங்கோட்டையைவிடப் பொருத்தமான இடம் தென்மாவட்டங்களில் குறைவு என்றே சொல்வேன். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965 முதல் இயங்கிவருகிறது. தூத்துக்குடிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2000ஆம் ஆண்டில்தான். அந்த முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில், கன்னியாகுமரி எல்லை தொடங்கிச் சங்கரன்கோவில் வரையிலான மக்கள் பெரிய நோய் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அந்த மருத்துவமனைக்கு வந்து பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்து சிறப்பு மருத்துவர்களும் தனியார் மருத்துவமனைகளும் வண்ணார்பேட்டையிலிருந்து பெருமாள்புரம் வரை வரிசையாக அமைந்துவிட்டன. இன்றும் தூத்துக்குடிக்காரர்களில் பலர், இருதயம், நரம்பு, சிறுநீரகம் என்றால் காரை எடுத்துக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள்.

கல்வியும் அப்படித்தான். தூய யோவான் கல்லூரி, சாராள் தக்கர் கல்லூரி, தூய சவேரியார் கல்லூரி, அரசு சித்த மருத்துவக் கல்லூரி, பார்வையற்றோர் பள்ளி, செவித்திறன் குறைந்தோர் பள்ளி என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் படிப்பையே தொழிலாகக் கொண்டு வளர்ந்த ஊர் இது. கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கு ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஆற்றங்கரையில் இப்படியொரு இடம் இருப்பது தெரியாமலேயே பலர் இந்த ஊரைக் கடந்து போகிறார்கள்.

மகாராஜ நகர் உழவர் சந்தையில் காலை ஆறு மணிக்கு நின்றால், மானூர்ப் பக்கத்துக் கத்தரிக்காயும் அம்பாசமுத்திரத்து வாழைத்தாரும் பனித்துளி காயாமல் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். ஓய்வு பெற்றவர்கள் பையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசிவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். உங்கள் மாமனாருக்குப் பேச்சுத்துணைக்குப் பஞ்சம் இருக்காது.

முத்துநகர் மகள்

பாளைவாசி அண்ணாச்சி எழுதியதில் தவறு ஏதுமில்லை. ஆனால் வேலைக்குப் போகப் போகிறவர் இந்தச் சகோதரிதான். அவருடைய நாளைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

தூத்துக்குடி கச்சிதமான ஊர். டூவிபுரத்திலோ பிரையண்ட் நகரிலோ மில்லர்புரத்திலோ வீடு இருந்தால் பள்ளி, கடைத்தெரு, மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் இருசக்கர வாகனத்தில் கால்மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நெல்லையோ ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று ஆற்றின் இருகரையிலும் பிரிந்து கிடக்கும் ஊர். பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கு மாலை நேரத்தில் போய்வருவதே ஒரு பயணம்தான்.

மாலையில் கடற்காற்று வீசத் தொடங்கினால் பகல் முழுவதும் காய்ந்த வீடு தணிந்துவிடும். ரோச் பூங்காவிலும் முத்துநகர்க் கடற்கரையிலும் இரவு ஒன்பது மணிவரை குடும்பங்கள் இருக்கும். பெண்கள் தனியாக வந்துபோவதற்குத் தயங்குவதில்லை. விசைப்படகுகள் அதிகாலையில் புறப்பட்டு அன்றிரவே கரை திரும்புகிற முறை இங்கே இருப்பதால், கிடைக்கும் மீன் பலநாள் பனிக்கட்டியில் கிடந்ததாக இருக்காது. திரேஸ்புரத்து நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் ஊளியும் விளமீனும் ஏலம் போகிற வேகத்தை ஒருமுறை பார்த்தால், இந்த ஊர் எதை நம்பி வாழ்கிறது என்பது விளங்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் மட்டும் விலை ஏறிவிடும்.

துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து வெளியூர்க்காரர்களை ஏற்றுப் பழகிய ஊர் இது. வடநாட்டு அதிகாரி, மலையாளி மாலுமி, ஆந்திரத்து ஓட்டுநர் என்று யார் வந்தாலும், முதல் கேள்வியாக எந்தக் கப்பலுக்கு வந்தீர்கள் என்பார்களே தவிர, யார் வீட்டுப் பிள்ளை என்று துருவ மாட்டார்கள். அம்பத்தூரிலிருந்து வரும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வந்த பிறகு தெரியும்.

உறைகிணறு

குடிநீர்த் திட்டங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சற்று நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஊர்களும் குடிப்பது ஒரே ஆற்றை. தாமிரபரணி பொதிகையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்த வற்றாத ஆறு என்பதால், வேறொரு மாநிலத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டிய நிலை நமக்கு இல்லை. ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. நெல்லை மாநகராட்சி, ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்தும் அரியநாயகிபுரம் திட்டத்திலிருந்தும் தண்ணீர் எடுக்கிறது. தூத்துக்குடி மாநகராட்சிக்கு, நெல்லையைத் தாண்டிக் கீழே உள்ள வல்லநாட்டிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் போகிறது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் மலை, அடுத்து நெல்லை, அதற்கும் கீழேதான் தூத்துக்குடியின் நீரேற்று நிலையம். நெல்லையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் பல்லாண்டுகளாக நடந்தும் முழுமையடையவில்லை. கழிவுநீர் கலப்பதைத் தடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பலமுறை கேள்வி எழுப்பியிருக்கிறது. மீனாட்சிபுரத்திலும் சிந்துபூந்துறையிலும் படித்துறைகளுக்கு அருகே சாக்கடை வந்து விழுவதை யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். அந்த நீர்தான் மணலில் ஊறி, வழியில் ஓரளவு தெளிந்து, குளோரின் கலக்கப்பட்டுத் தூத்துக்குடிக்காரர்களின் குடத்துக்குப் போகிறது. ஆகவே தூத்துக்குடியின் வாழ்க்கைத் தரத்தில் ஒரு பகுதி நெல்லை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. இதைப் பேசாமல் இரண்டு ஊர்களையும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை வேறுபாடு பெரிது. பாளையங்கோட்டையின் பெரும்பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருந்தாலும் புழங்குவதற்கு ஆகும். தூத்துக்குடியில் கடலை நெருங்க நெருங்க உப்பு. மாநகராட்சிக் குழாய் இணைப்பு இல்லாத வீட்டை அங்கே எடுத்தால், துவைக்கும் நீருக்கும் லாரியை எதிர்பார்க்க நேரிடும். வீட்டுக்காரர் இணைப்பு இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் வருகிறது, தரைத்தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

தெற்கு நோக்கி

உறைகிணறு ஐயாவுக்கு மிக்க நன்றி. குடிநீரை இந்தக் கோணத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த அச்சம் இன்னும் மாமனாருக்கு இருக்கிறது. அதைப் பற்றி யாராவது விளக்க முடியுமா? இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் பாதிப்பா?

கோரம்பள்ளத்துக் கரை

ஒரே மழை, ஆனால் பாதிப்பு ஒரே மாதிரி இல்லை.

டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாள்களில் பெய்தது இந்தப் பகுதியில் யாரும் கண்டிராத மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடியின் ஓராண்டு சராசரியே அதற்குக் குறைவு. நெல்லையில் ஆறு கரைபுரண்டு, ஜங்ஷன், கைலாசபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டையின் தாழ்வான பகுதிகள், கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகம் எல்லாம் மூழ்கின. ஆனால் அங்கே தரைக்குச் சரிவு இருக்கிறது. ஆறு இறங்கியதும் ஊரும் பெரும்பாலும் இறங்கிவிட்டது. பாளையங்கோட்டையின் மேட்டுப் பகுதிகளில் தெருவில் நின்ற நீர் விரைவிலேயே வடிந்தது.

தூத்துக்குடி அப்படி இல்லை. கடலோரச் சமதளம், ஊரின் கழிவுநீரும் மழைநீரும் வடிவதற்குப் பக்கிள் ஓடைதான் முதன்மையான வழி. மேற்கேயிருந்து காட்டாற்று வெள்ளம் வந்து கோரம்பள்ளம் குளம் உடைந்தபோது, அந்தோணியார்புரம் அருகே நெடுஞ்சாலையே அறுத்துக்கொண்டு போனது. ஊருக்குள் புகுந்த நீர் வெளியேற இடமில்லாமல் நின்றது. முத்தம்மாள் காலனி போன்ற பகுதிகளில் ஒரு வாரத்துக்கு மேலும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரில் விழுந்த கறை, இரண்டு முறை வண்ணம் அடித்த பிறகும் மழைக்காலத்தில் மங்கலாக எழும்பிக்கொண்டிருக்கிறது. பால், மின்சாரம், கைப்பேசிச் சமிக்ஞை எதுவும் இல்லாத அந்த நாள்களில், மாடியில் இருந்த முதியவர்களைப் படகில் இறக்கியவர்கள் திரேஸ்புரத்து மீனவர்கள். அரசு வந்து சேர்வதற்கு முன்பே அவர்கள் வலையை ஒதுக்கிவிட்டுப் படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த நன்றியை இந்த ஊர் மறக்காது.

மாமனாருக்கு மூச்சுத்திணறல் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: தூத்துக்குடியில் வீடு எடுப்பதானால் தரைத்தளம் வேண்டாம். மாடிக்கு ஏறுவது அவருக்குச் சிரமம் என்பதும் உண்மை. மின்தூக்கி உள்ள அடுக்குமாடிக் குடியிருப்போ, தரையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டிய வீடோ கிடைக்கும் வரை காத்திருங்கள்.

நாகர்கோவில் நண்பர்

மழை, பசுமை, எழுத்தறிவு என்று எல்லாவற்றையும் கணக்கிட்டால் இரண்டைவிடவும் நாகர்கோவில் மேல் அல்லவா? அதை ஏன் யாரும் சேர்க்கவில்லை?

நெறியாளர்

நாகர்கோவிலின் சிறப்பை மறுப்பவர் எவருமில்லை. ஆனால் தினமும் தூத்துக்குடியில் வேலைக்குப் போக வேண்டியவருக்கு அது உதவாது. அதற்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே கேட்கப்பட்ட கேள்வியோடு தொடர்வோம்.

நாடி

மருத்துவர் என்ற முறையில் மாமனாரைப் பற்றிச் சில வரிகள். அவரைப் பரிசோதிக்காமல் முடிவாக எதையும் சொல்ல இயலாது. அவரைப் பார்த்துவரும் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியின் தெற்கே துறைமுகத்தை ஒட்டி, ஐந்து அலகுகளுடன் 1,050 மெகாவாட் திறன் கொண்ட பழைய அனல்மின் நிலையமும், அதன் அருகே இரண்டு அலகுகளுடன் 1,000 மெகாவாட் நிலையமும் அமைந்துள்ளன. நிலக்கரி கப்பலில் வந்து இறங்குகிறது. சாம்பல் லாரிகளில் வெளியேறுகிறது. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை எதிர்த்த போராட்டத்தில் 2018 மே 22, 23 ஆகிய நாள்களில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததையும், ஆலை அந்த மாத இறுதியிலேயே மூடப்பட்டதையும், அதைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததையும் நீங்கள் அறிவீர்கள். காற்றுக்காக உயிரைக் கொடுத்த ஊரில் காற்றின் தரத்தைப் பற்றிக் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு ஒரே விடை கிடையாது. தெர்மல் நகர், துறைமுகச் சாலை, லாரிகள் ஓயாமல் ஓடும் புறவழிச்சாலை ஆகியவற்றை ஒட்டிய வீடு அவருக்கு உகந்தது அல்ல. ஊரின் வடக்கிலும் நடுவிலும் நிலைமை வேறு.

நெல்லைக்கும் தூசு உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் மலை இடுக்கு வழியாகப் பாய்ந்து வரும் காற்று பாளையங்கோட்டை வெளிகளில் புழுதியை வாரி இறைக்கும். ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கில் தீப்பிடிக்கும் நாள்களில் அந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் மூச்சு நோயாளிகள் படும் பாடு சொல்லி முடியாது. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையின் வெப்பம் 40 பாகையைத் தொடுவது வழக்கம். தூத்துக்குடியில் பாகைக் கணக்கு சற்றுக் குறைவாக இருந்தாலும் புழுக்கம் அதிகம். சிலருக்கு வறண்ட வெப்பம் ஒத்துக்கொள்ளும், சிலருக்குக் கடலோர ஈரம் ஒத்துக்கொள்ளும். குடிபெயர்வதற்கு முன் ஒரு வாரமேனும் அவரை இரண்டு ஊரிலும் தங்கவைத்துப் பாருங்கள். உறவினர் வீடு இருந்தால் செலவும் இல்லை.

மாதம் ஒருமுறை பார்க்கும் மருத்துவருக்காக ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் திணறல் வந்தால் ஆக்சிஜன் உள்ள அவசரப் பிரிவுக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர முடியும் என்பதே கேள்வி. அந்த அளவில் இரண்டு ஊரும் இப்போது போதுமானவை. அதற்கு மேல், தீவிர சிகிச்சை நீண்டுபோகும் நிலையில், நெல்லையில் வாய்ப்புகள் அதிகம்.

தினப்பயணி

பாளையங்கோட்டையை அடுத்த கே.டி.சி. நகரிலிருந்து துறைமுகப் பகுதிக்கு ஆண்டுக்கணக்கில் போய்வந்தவன் நான். நான்குவழிச் சாலைதானே என்று சொல்கிற உறவினர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சாலை நன்றாக இருக்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் வல்லநாட்டு ஆற்றுப்பாலம் பழுதாகி ஒரு பக்கம் அடைக்கப்பட்டு, இருதிசை வண்டிகளும் ஒரே பாலத்தில் ஊர்ந்த காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. வாகைக்குளம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சரக்குப் பெட்டக லாரிகளின் வரிசை தொடங்கிவிடும். சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரியில் மோதி இறந்தவர்களை நான் அறிவேன். ரயில் மணியாச்சி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. அதன் நேரம் அலுவலக நேரத்துக்கு ஒத்துவராது. இடைநில்லாப் பேருந்துகள் நல்ல சேவை, ஆனால் இறங்கும் இடத்திலிருந்து துறைமுகத்துக்கு இன்னொரு வண்டி வேண்டும். கப்பல் வந்துவிட்டால் வேலை முடியும் நேரம் நம் கையில் இல்லை என்பதைச் சரக்குத் துறையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளின் பள்ளிக் கூட்டம், மாமனாரின் மருத்துவமனை, வீட்டு வேலை என்று எல்லாமே கணவர் தலையில் விழும். ஒரு நாளில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் சாலைக்குப் போய்விட்டால், வீட்டுக்கு வந்து சேர்வது களைத்த உடம்பு மட்டும்தான். என்னோடு சேர்ந்து போய்வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கட்டத்தில் வீட்டை மாற்றினார்கள், அல்லது வேலையை மாற்றினார்கள்.

கரும்பலகை

இருபக்கத்துப் பள்ளிகளிலும் கற்பித்த ஆசிரியையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டைப் பள்ளிகளின் பெருமையைப் பாளைவாசி எழுதினார், அது உண்மை. அதே மண்ணில், பையன்கள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைக் கொண்டு சாதி அறியப்படுவதும் உண்மை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வீட்டில் வைத்து வெட்டப்பட்ட பிறகுதான், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. தூத்துக்குடி மாவட்டம் இதற்கு விலக்கு அல்ல. 1986 வரை இரண்டும் ஒரே மாவட்டம், மனிதர்களும் ஒரே மனிதர்கள். நகருக்குள் உள்ள பெரிய பள்ளிகளில் இது வெளிப்படையாகத் தெரியாது. விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் டியூஷன் வாசலிலும் தெரியும்.

சென்னையிலிருந்து வரும் பிள்ளைகளிடம் முதல் மாதத்திலேயே ஊர் எது, தெரு எது, குலசாமி எது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதை மகளுக்கும் மகனுக்கும் அவர்கள் வயதுக்கேற்ப நீங்களே விளக்கிவிடுங்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு நிற்காமல், இப்படியொரு சிக்கல் வந்தால் யார் விசாரிப்பார், பெற்றோரை எப்போது அழைப்பீர்கள் என்று தலைமை ஆசிரியரிடம் நேரடியாகக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் பள்ளியில் சேருங்கள். அப்படிப்பட்ட பள்ளிகள் இரண்டு ஊரிலும் உள்ளன. நான் அவற்றில் பணியாற்றியிருக்கிறேன்.

மகள் பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது பாடப்பிரிவு, பயிற்சி வகுப்பு எல்லாவற்றுக்கும் பாளையங்கோட்டையில் தேர்வு அதிகம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எட்டாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

மில்லர்புரம்

வாடகையைப் பற்றி யாரும் பேசவில்லை. வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டதும், அதற்குச் சில நாள் முன்பு வாகைக்குளம் விமான நிலையத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டதும் தூத்துக்குடி வீட்டு உரிமையாளர்களுக்குப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்திருக்கின்றன. எங்கள் தெருவில் வீடு காலியானால் பலகை தொங்குவதற்கு முன்பே ஆள் வந்துவிடுகிறார். பாளையங்கோட்டையில் தேர்வு செய்ய வீடுகள் கூடுதலாக உண்டு. மகாராஜ நகர், பெருமாள்புரம் வாடகை மட்டும் எப்போதுமே சற்று உயரம்.

நெல்லையில் வளர்ந்து தூத்துக்குடியில் பிழைப்பவன் என்ற முறையில் இன்னொன்று. நெல்லையில் படித்த பிள்ளைகளுக்கு நெல்லையில் வேலை இல்லை. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் சூரியத் தகடு ஆலை வந்த பிறகு ஓரளவு மாறியிருக்கிறது என்றாலும், கல்லூரி முடித்த கையோடு சென்னை, பெங்களூரு வண்டி ஏறுவதுதான் இன்றும் வழக்கம். ஊரில் எஞ்சுவது ஓய்வூதியமும் காத்திருக்கும் பெற்றோரும். தூத்துக்குடியில் துறைமுகம், உப்பு, மீன் ஏற்றுமதி, உரம், மின்சாரம் என்று உழைக்கிற வயதினர் ஊரிலேயே இருக்கிறார்கள். தெருவில் நடக்கும்போதே அந்த வேறுபாடு தெரியும்.

பாளைவாசி

மில்லர்புரம் தம்பி சொன்னது மனத்தைத் தொட்டது; என் மூன்று பிள்ளைகளும் வெளியூரில்தான். தினப்பயணி எழுதியதைப் படித்த பிறகு, சகோதரி பாளையங்கோட்டையிலிருந்து தினமும் போய்வருவதை நானும் பரிந்துரைக்கவில்லை. மருத்துவத்துக்கும் மகளின் மேல்படிப்புக்கும் எங்கள் ஊர் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. தேவைப்படும் நாளில் வாருங்கள். வாகைக்குளத்துக்கு மேற்கே, வல்லநாட்டுப் பக்கம் வீடு எடுத்தால் இரண்டுக்கும் நடுவில் இருக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அங்கே தேர்வு செய்யப் பள்ளிகளும் குறைவு, இரவில் அவசர மருத்துவ வசதியும் குறைவு.

தெற்கு நோக்கி

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கணவரும் மாமனாரும் நானும் உட்கார்ந்து முழு இழையையும் படித்தோம். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரையிலாவது தூத்துக்குடியில் இருப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அதன் பிறகு தேவைப்பட்டால் பாளையங்கோட்டையைப் பற்றி யோசிப்போம். அடுத்த மாதம் மாமனாரை அழைத்துவந்து உறவினர் வீட்டில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். அப்போதே வீடும் பார்க்க எண்ணம். எந்தப் பகுதிகளைப் பார்க்கலாம், எதைச் சோதிக்க வேண்டும்?

முத்துநகர் மகள்

வாருங்கள் அக்கா, மகிழ்ச்சி. டூவிபுரம், சிதம்பர நகர், பிரையண்ட் நகரின் மேடான தெருக்கள், மில்லர்புரம் ஆகியவற்றில் தொடங்குங்கள். ஒரே நகரிலேயே ஒரு தெருவில் முழங்கால் அளவும் அடுத்த தெருவில் இடுப்பளவும் நீர் நின்றிருக்கிறது. ஆகவே பகுதியின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 2023 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது என்று தெருமுனைப் பெட்டிக்கடையில் கேளுங்கள். வீட்டுத் தரகரிடம் கேட்க வேண்டாம். படிக்கட்டுக்கு அடியிலும் கழிவறைக் கதவின் கீழ்ப்பகுதியிலும் பாருங்கள், பழைய ஈரத்தின் உப்பு அங்கேதான் பூத்திருக்கும். குழாய்த் தண்ணீர் வரும் நாளில் போய், முதல் வாளியைப் பிடித்து முகர்ந்து பாருங்கள். மொட்டை மாடியில் விரலால் துடைத்துப் பாருங்கள். கரித்தூசு படிகிற வீடு என்றால் விரல் கருக்கும், அந்த வீட்டை மாமனாருக்காக விட்டுவிடுங்கள். பகலில் ஒருமுறையும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறையும் வீட்டைப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் அம்மாவும் உடன் வருகிறோம்.